சென்னை வீட்டு ஜன்னலுக்குக் கிரில்: கம்பி, பிடிப்பு, பெயிண்ட்

கிரில் போடலாம் என்று முடிவானதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு டிசைனைப் பற்றித்தான். தாமரையா, மயிலா, வெறும் நேர்க்கம்பியா? அடுத்த கேள்வி, கம்பி எத்தனை எம்எம். சுவரில் அது எப்படி நிற்கப்போகிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை, வெல்டரும் தானாக வாயைத் திறப்பதில்லை. நல்ல பன்னிரண்டு எம்எம் கம்பியை வெளியே நின்று ஹேக்ஸா பிளேடால் அறுப்பது சத்தமும் நேரமும் பிடிக்கிற வேலை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்புவது சுலபம். பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் நான்கு ஸ்குரூ என்றால் கிரில் முழுசாகக் கையோடு வந்துவிடும். ஆகவே கம்பிக்குச் செலவழிக்கிற அக்கறையில் பாதியையாவது பிடிப்புக்குக் கொடுங்கள். மீதியைப் பெயிண்ட்டுக்குக் கொடுங்கள், ஏனென்றால் கடற்காற்று அடிக்கிற ஊர் இது.

எந்தெந்த ஜன்னல்

வீட்டுக்கு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தரைத்தளம் முழுக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம். விட்டுப்போவது மேலே. சன்ஷேடு, காம்பவுண்டுச் சுவர், தண்ணீர் பைப், ஏசி அவுட்டோர் யூனிட் வைத்த ஸ்டாண்டு, இவற்றில் எதன் மேலாவது நின்று கை எட்டுகிற ஜன்னல் எல்லாம் தரைத்தள ஜன்னல்தான். மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி மாதிரி வீடுகள் ஒட்டி நிற்கும் தெருக்களில் பக்கத்து மொட்டை மாடியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மாடிப்படி ஜன்னலைப் பலரும் மறக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான ஓட்டை பாத்ரூம் வென்டிலேட்டர். லூவர் கண்ணாடியைப் பிடித்திருக்கும் அலுமினியக் கிளிப்பை விரலால் வளைத்தாலே போதும், ஒவ்வொரு கண்ணாடியாகச் சத்தமில்லாமல் உருவிக் கீழே வைத்துவிடலாம். பதினெட்டு இஞ்ச் அகல வென்டிலேட்டருக்கு 10 எம்எம் கம்பி நான்கு நிறுத்தினால் இடைவெளி 82 எம்எம் வரும். மூன்றோடு நிறுத்தினால் 105 ஆகிவிடுகிறது. நான்கே போடுங்கள்.

இன்னொன்று, வாசல் கதவை ஒட்டிய ஜன்னல். கிரில் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் வழியே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியுமென்றால் பயனில்லை. கைக்கு எட்டாத இடத்தைக் கம்பு எட்டும்: ஆணியில் தொங்கும் சட்டை, அதன் பாக்கெட்டில் சாவி, சார்ஜில் போட்ட போன் எல்லாம் இப்படித்தான் போகின்றன. இந்த மாதிரி ஜன்னலில் கிரில்லின் உள்பக்கம் துளைத் தகடோ கனமான வெல்டு மெஷ்ஷோ சேர்த்து வெல்டு வையுங்கள். கொசு வலை இதற்கு ஈடாகாது.

இடைவெளியும் கம்பியும்

கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே வெற்றிடம் 100 எம்எம்முக்கு மேல் போகக் கூடாது. கவனியுங்கள், இது ஒரு கம்பியின் மையத்திலிருந்து அடுத்த கம்பியின் மையம் வரை உள்ள தூரம் கிடையாது, வெற்றிடம். பட்டறையில் ‘நாலு இஞ்ச் கேப்’ என்றால் சிலர் ஒன்றாகவும் சிலர் மற்றொன்றாகவும் எடுத்துக்கொள்வார்கள். காகிதத்தில் படம் போட்டு வெற்றிடத்தின் அளவை எழுதிக் கொடுப்பது நல்லது. நான்கு இஞ்ச் என்பது குழந்தையின் தலை நுழையாத அளவு. ஆறு இஞ்ச் விட்டால் ஒல்லியான பையனை உள்ளே அனுப்பிவிடலாம்.

கம்பி நேர் மேலாக நிற்க வேண்டும். படுக்கைவாட்டுக் கம்பி வீட்டுக்குள் குழந்தைக்கு ஏணி, வெளியே மாடிக்கு ஏறுகிறவனுக்கும் ஏணி. ஆனால் குறுக்குப் பட்டை வேண்டும். இரண்டு குறுக்குப் பட்டைக்கு நடுவே 40 சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். காரணம் இதுதான்: நீளமான கம்பியை ஜாக்கி வைத்து வளைப்பது எளிது, குட்டையான கம்பி வளையாது. ஒரு கம்பியை அறுத்து எடுத்துவிட்டாலும் இடைவெளி இருபுறமும் சேர்ந்து எட்டு இஞ்ச் சொச்சம்தான் ஆகும். ஆள் நுழைய இரண்டு கம்பியை, ஒவ்வொன்றையும் மேலும் கீழும் என நான்கு இடத்தில் அறுக்க வேண்டியிருக்கும்.

குறுக்குப் பட்டையில் சதுர ஓட்டை பஞ்ச் செய்து கம்பியை அதற்குள் ஊடே விடுவது ஒரு முறை. பட்டையைக் கம்பியின் மேல் வைத்து வெல்டு வைப்பது இன்னொன்று. முதல் முறைக்குப் பட்டறையில் கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். இரண்டாவதில் பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே மயிரிழைச் சந்து இருக்கும். தண்ணீர் உள்ளே போகும், பிரஷ் போகாது. துரு அங்கிருந்துதான் புறப்படும்.

நான்கடிக்கு நான்கடி ஜன்னலுக்கு ஒரு கணக்கு

1200 எம்எம் அகலம், 1200 உயரம். சுற்றுச் சட்டம் 25க்கு 6 எம்எம் பிளாட் (தட்டைப் பட்டை), உள்ளே 12 எம்எம் ஸ்கொயர் ராடு (சதுரக் கம்பி), குறுக்கே அதே பிளாட் இரண்டு. சட்டத்தின் இரண்டு பக்கக் கனத்தைக் கழித்தால் உள் அகலம் 1188. பத்துக் கம்பி 120 எம்எம்மை அடைத்துக்கொள்ளும். மீதி 1068ஐப் பதினொரு இடைவெளிக்கு வகுத்தால் 97. சரியாக வந்துவிட்டது.

எடைக்கு வருவோம். ஸ்கொயர் ராடின் பக்க அளவை எம்எம்மில் எடுத்து அதையே பெருக்கி, 0.00785ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்எம் என்றால் 1.13 கிலோ, 10 எம்எம் என்றால் 0.785. மேலே சொன்ன பிளாட் மீட்டருக்கு 1.18 கிலோ. கம்பி மொத்தம் 11.9 மீட்டர், 13.4 கிலோ. சட்டம் 4.8 மீட்டர், 5.7 கிலோ. குறுக்குப் பட்டை 2.8 கிலோ. எல்லாம் சேர்ந்து 22 கிலோவுக்கு ஒட்டி. கம்பியை மட்டும் 10 எம்எம் ஆக்கினால் 18 கிலோவுக்குள் முடியும். இரண்டாம் மாடிக்கு அது போதும், தரைத்தளத்துக்கு 12தான்.

இந்தக் கணக்கு எதற்கு? சதுர அடிக்கு ரேட் பேசினால் பட்டறைக்காரருக்கு மெல்லிய கம்பி போட்டால் லாபம். கிலோவுக்குப் பேசினால் தேவையில்லாத இடத்தில் எல்லாம் இரும்பைச் சேர்த்தால் லாபம். கிலோ ரேட்டில் பேசி, எடையை முன்கூட்டியே கணக்கிட்டு, ‘இருபத்திரண்டுக்கு மேல் போனால் காரணம் சொல்ல வேண்டும்’ என்று எழுதிக்கொள்வது இரண்டுக்கும் நடுவான வழி. கம்பி வந்து இறங்கியதும் வெர்னியர் அளவுகோல் வைத்துக் கனத்தைப் பாருங்கள். 12 என்று வாங்குவது 10.5 இருப்பது சர்வ சாதாரணம். அப்படியானால் மீட்டருக்கு 0.87 கிலோதான், ஒரு ஜன்னலிலேயே மூன்று கிலோ காணாமல் போய்விடும். நீங்களே கம்பி வாங்கித் தருவதாக இருந்தால் பாரிமுனை செம்புதாஸ் தெருவிலும் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டிலும் விசாரிக்கலாம். ஒன்றிரண்டு ஜன்னலுக்கு வண்டி வாடகை கட்டுப்படியாகாது.

இரும்பா, ஸ்டீலா

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், ராயபுரம், காசிமேடு என்று கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல், என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் குழப்பம். 202 கிரேடு விலை குறைவு, நிக்கல் குறைவு, உப்புக் காற்றில் பழுப்புப் புள்ளி விழும். 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். கடலைப் பார்த்த முதல் வரிசை வீடுகளுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316தான் முறையானது, ஆனால் விலை ஏறும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை: 202, 304 இரண்டையுமே காந்தம் இழுக்காது. கிரேடு பார்க்கும் திரவம் சிறு புட்டியில் கிடைக்கும். ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறுவதை வைத்துப் பிரித்துவிடலாம். பில்லிலும் கிரேடை எழுதச் சொல்லுங்கள்.

ஸ்டீல் கிரில் பெரும்பாலும் உள்ளே வெற்றுக் குழாய். 18 கேஜ் என்றால் சுவர் கனம் 1.2 எம்எம், அறுப்பதற்கு அதிக நேரம் ஆகாது. தரைத்தளத்தில் ஸ்டீல்தான் வேண்டுமென்றால் குழாய்க்குள் 12 எம்எம் உருண்டைக் கம்பியைத் தளர்வாகப் போட்டு முனையை அடைத்துவிடச் சொல்லுங்கள். பிளேடு குழாயைத் தாண்டி உள்ளே போனதும் கம்பி அதோடு சேர்ந்து உருளும், அறுபடாது. அந்த உள்கம்பியும் ஸ்டீலாகவே இருக்கட்டும். வெல்டிங் ஆர்கான் வாயுவில் நடக்க வேண்டும், வெல்டு ஓரத்தில் விழும் நீல, பழுப்புக் கறையைப் பிக்ளிங் பேஸ்ட் தடவி எடுக்க வேண்டும். எடுக்காமல் பாலிஷ் மட்டும் போட்டால் அதே இடத்தில் துரு வரும். இரும்பு அறுத்த கட்டிங் வீலை ஸ்டீலில் போட்டாலும் இதே கதி. ஒட்டிக்கொண்ட இரும்புத் தூள் துருப்பிடித்துவிட்டு, ஸ்டீலே துருப்பிடித்த மாதிரி காட்டும்.

நம் கருத்து: ஒழுங்காகப் பெயிண்ட் அடித்த 12 எம்எம் இரும்புக் கம்பி, பேருக்குப் போட்ட 202 குழாயைவிட எத்தனையோ மேல்.

அளவெடுப்பது

பூச்சு, டைல்ஸ், கிரானைட் எல்லாம் முடிந்த பிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும். அகலம் மேலே, நடுவே, கீழே என மூன்று. உயரமும் அதே போல மூன்று. பிறகு மூலைக்கு மூலை இரண்டு. கிடைத்ததில் சிறியதை எடுத்து, மரச் சட்டத்துக்குள் என்றால் பக்கத்துக்கு 3 எம்எம், சுவர் திறப்புக்குள் என்றால் 6 முதல் 10 எம்எம் குறையுங்கள். மூலை அளவு இரண்டும் 5 எம்எம்முக்கு மேல் வித்தியாசப்பட்டால் திறப்பு கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். மயிலாப்பூர்ப் பக்கம் பழைய தேக்கு ஜன்னல்களில் அரை இஞ்ச் கோணல் வியப்பில்லை. அதற்குக் கார்ட்போர்டில் அச்சு வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

‘எல்லாம் ஒரே சைஸ்தான்’ என்று கொத்தனார் சொல்வார். நம்பாதீர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் எண் போட்டு, அதே எண்ணைச் சுவரிலும் சாக்பீஸால் எழுதுங்கள். கொக்கி, கைப்பிடி இருக்கும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்குப் பட்டை சரியாக அங்கே வந்து நின்றால் ஒவ்வொரு நாளும் ஜன்னலைச் சாத்தும்போது விரல் தட்டும்.

ஒரு ஜன்னல் திறக்க வேண்டும்

படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும். ஷார்ட் சர்க்யூட்டோ கேஸ் கசிவோ ஏற்பட்டு வாசல் பக்கம் தீ நின்றால் ஜன்னல்தான் வழி. திறக்காத கிரில் அப்போது சிறை. 24 இஞ்ச் அகலம், 30 இஞ்ச் உயரத்துக்குக் குறையாத ஒரு சிறு கதவைக் கிரில்லுக்குள்ளேயே அமையுங்கள். அறைப் பக்கம் திறக்க வேண்டும். எதிரே கட்டிலோ பீரோவோ இடிக்காமல் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கீல் ஊசியின் இரண்டு முனையையும் வெல்டு வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஊசியைத் தட்டிக் கழற்றிவிடலாம்.

பூட்டு பித்தளை உடம்பாக இருந்தால் நல்லது. அது வெளியே நிற்கிறவரின் கைக்கோ கட்டருக்கோ எட்டாதபடி தகட்டுப் பெட்டி ஒன்று போடச் சொல்லுங்கள். வெறும் தாழ்ப்பாள் கூடாது. சாவி அதே அறையில், ஜன்னலிலிருந்து கம்புக்கு எட்டாத தூரத்தில், எப்போதும் ஒரே ஆணியில். பாட்டி தாத்தா உட்பட வீட்டில் எல்லோருக்கும் அந்த ஆணி தெரிந்திருக்க வேண்டும், இருட்டிலும்.

பொருத்துவது

முதலில் சுவர் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். ஓரமாக ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். சாம்பல் நிறமாகக் கடினமாக இறங்கினால் கான்கிரீட். வெளிறிய தூளாக, டிரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்). மூன்றுக்கும் பிடிப்பு வேறு வேறு.

செங்கல் சுவருக்கு இன்றும் ஹோல்ட்பாஸ்ட்டை, அதாவது சுவருக்குள் புதைக்கும் இரும்புப் பிடியை, மிஞ்சியது இல்லை. 25க்கு 6 பிளாட்டில் ஆறு இஞ்ச் வெட்டி, முனையை இரண்டாகப் பிளந்து மீன்வால் மாதிரி விரித்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக்கு மூன்று, மேலே ஒன்று. சுவரில் மூன்று இஞ்ச் சதுரத்துக்கு, நாலரை இஞ்ச் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்வது ஒரு விஷயத்தில்: பட்டறையிலேயே கிரில்லில் ஹோல்ட்பாஸ்ட்டை வெல்டு வைத்துக் கொண்டுவந்தால் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு திறப்புக்குள் நுழையாது. அப்புறம் சுவரை ஓரம் வரை உடைத்து நுழைப்பார்கள், பிடிப்பு போச்சு. சரியான வழி, ஹோல்ட்பாஸ்ட்டை முதலில் தனியாகப் புதைத்து, முனையில் ஒரு இஞ்ச் மட்டும் வெளியே நீட்டி விடுவது. தச்சர் மாதிரி நூல் பிடித்து எல்லா முனையையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். கிரில்லின் அளவை அந்த முனைகளுக்கு இடையே கணக்கிட வேண்டும், அல்லது முனை கிரில் சட்டத்தின் பின்னால் தட்டையாக உட்காரும்படி திருப்பிவிட வேண்டும். குழியைத் தண்ணீர் விட்டு நனைத்து, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்ற விகிதத்தில் சிறு ஜல்லிக் கான்கிரீட்டைப் பின்னால் வரை குத்தி நிரப்புங்கள். வெறும் பூச்சுக் கலவையை வாயில் அப்பினால் உள்ளே பொந்தாக நிற்கும். ஏழு நாள் சாக்குப் போட்டு நனைத்து வைத்த பிறகே கிரில்லை அதில் வைத்து வெல்டு செய்ய வேண்டும். மறுநாளே வந்து நிற்கும் வெல்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆங்கர் ஃபாஸ்டனர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போடுவதானால் 10 எம்எம் போல்ட், பக்கத்துக்கு மூன்று, பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் குறைந்தது 60 எம்எம் இறங்க வேண்டும். பூச்சின் கனம் 12 முதல் 20 எம்எம். அதற்கு வலு கிடையாது, கணக்கில் சேர்க்காதீர்கள். சுவரின் வெளி ஓரத்திலிருந்து மூன்று இஞ்சாவது உள்ளே தள்ளித் துளை விழ வேண்டும். ஓரத்தில் போட்டால் போல்ட் விரியும்போது செங்கல் பிளந்து விழும். துளையிலிருக்கும் தூளை ஊதி எடுங்கள். மேலே ஒரு துளை, அதில் கிரில்லைத் தளர்வாக மாட்டி, ரசமட்டம் பார்த்து, பிறகு மற்றவை. எல்லாத் துளையையும் முன்பே போட்டுவிட்டுக் கிரில்லைக் கொண்டுவந்தால் ஒன்றுகூடச் சேராது. இறுக்கி முடித்ததும் நட்டின் மேல் ஒரு சொட்டு வெல்டு, அதன் மேல் பெயிண்ட். கீழே கிரானைட்டில் துளை போடவே வேண்டாம். மழைநீர் அதன் வழியே சுவருக்குள் இறங்கும்.

சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய பழைய வீடுகளில் ஆங்கர் வேண்டாம். விரிந்தால் கல் நகரும். டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டுத் துளையிட்டு, நீளமான ஹோல்ட்பாஸ்ட் புதைப்பதே வழி.

ஏஏசி பிளாக்கிலும் சாதாரண ஆங்கர் நிற்காது. இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹேமர் இல்லாமல் துளையிட்டு கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி ஒட்டவைக்கும் போல்ட்) போடலாம். இன்னும் உறுதி வேண்டுமானால் சட்டத்தைச் சுவரின் உள்முகத்தில் திறப்புக்கு வெளியே இரண்டு இஞ்ச் படரவிட்டு, சுவரை ஊடுருவும் நீள போல்ட்டும் மறுபக்கம் தகடும் வைத்து இறுக்குங்கள். மேலே லிண்டல் (ஜன்னலுக்கு மேல் குறுக்கே போகும் உத்தரம்) கான்கிரீட் கிடைக்குமே, அதையும் பயன்படுத்துங்கள். முழுக் கான்கிரீட் சுவர் அடுக்கு மாடிகளில் பிரச்சினை வேறு: டிரில் கம்பியில் முட்டிக் கிறீச்சிட்டு நின்றுவிடும். உள்கம்பியை அறுக்கக் கூடாது, துளையை ஓரிரு இஞ்ச் நகர்த்த வேண்டும். அதற்காகவே சட்டத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள்வட்ட ஓட்டை போடச் சொல்லி வையுங்கள்.

மரச் சட்டமுள்ள ஜன்னலில் கிரில், மரச் சட்டத்தின் உள்பக்கக் கனத்தில் உட்கார்ந்து, ஸ்குரூ பக்கவாட்டில் மரத்துக்குள் போக வேண்டும். முகத்தில் அடித்த ஸ்குரூ நெம்பினால் பிடுங்கிக்கொண்டு வரும், பக்கவாட்டில் போனது அப்படி வராது. 8 எம்எம் கனத்தில், 50 எம்எம் நீள கோச் ஸ்குரூ, அடிக்கு ஒன்று. முதலில் மெல்லிய துளை போடாமல் முறுக்கினால் தேக்கும் வெடிக்கும். மரம் கரையான் அரித்திருந்தால் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தே தெரிந்துவிடும். அப்போது மரத்தை விட்டுவிட்டுச் சுவருக்குப் போங்கள். யுபிவிசி சட்டத்தில் கிரில்லை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உள்ளே வெற்றாக இருக்கும் பிளாஸ்டிக், இழுத்தால் கிழியும், துளை வழியே மழை ஒழுகும். கிரில் சுவரில், யுபிவிசியிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி.

பால்கனிபோல வெளியே பிதுங்கும் பெட்டிக் கிரில்லைப் பலர் கேட்கிறார்கள். தொட்டி வைக்கலாம், துணி காயப்போடலாம் என்று ஆசை. அத்தனை எடையும் நாலைந்து போல்ட்டில் தொங்குகிறது. அடித்தகட்டில் தண்ணீர் நின்று முதலில் இற்றுப்போவதும் அதுதான். ஃபிளாட் என்றால் அசோசியேஷன் அனுமதியும் வேண்டும். தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் வெல்டிங் நடக்கும் நாள்

திரைச்சீலையைக் கழற்றுங்கள். அடுப்படி ஜன்னல் என்றால் கேஸ் சிலிண்டரை வெளியே தூக்கி வையுங்கள். கண்ணாடியில் தெறித்த பொறி குழி விழுத்திவிடும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. ஆகவே ஈரச் சாக்கால் கண்ணாடியையும் யுபிவிசியையும் மூடுங்கள். மரச் சட்டத்தின் இடுக்கில் பொறி போய்க் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்து அரை மணி கழித்து ஒரு தரம் முகர்ந்து, தொட்டுப் பார்க்க வேண்டும். வெல்டிங் மெஷினைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருக விடாதீர்கள், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். எர்த் கிளாம்ப் கிரில்லிலேயே, வெல்டுக்கு அருகில்.

வெல்டு எப்படி இருக்கிறது என்பதைப் பட்டறையில், பிரைமர் அடிக்கும் முன் பார்த்துவிட வேண்டும். அடித்த பிறகு எல்லாமே அழகுதான். கம்பி பட்டையைச் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் எதிரெதிர் இரு பக்கமாவது வெல்டு ஓடியிருக்க வேண்டும். ஒரு பொட்டு வைத்துவிட்டு மெட்டல் பேஸ்ட்டால் பூசி மறைப்பது உண்டு. ஆணியால் கீறினால் பேஸ்ட் உதிரும். வழவழவென்று கிரைண்டர் போட்டுத் தேய்த்திருந்தால் மகிழ வேண்டாம், வெல்டையும் சேர்த்துத் தேய்த்திருக்கலாம். சுத்தியலால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். கலகலத்தால் வெல்டு விட்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த வெல்டிங் ராடு ஊசித் துளையோடு வெல்டு வைக்கும், அதில்தான் துரு குடியேறும்.

பெயிண்ட்

கம்பியிலுள்ள கருநீலச் செதிலையும் துருவையும் வயர் பிரஷ், எமரி போட்டு எடுத்து, தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைக்கே முதல் கோட் பிரைமர் அடிக்க வேண்டும். ராத்திரி விட்டால் காலையில் மெல்லிய துருப் படலம் நிற்கும். சிவப்பு ஆக்சைடு பிரைமர் மலிவு, கடலிலிருந்து தள்ளியிருக்கும் பக்கம் ஓட்டிவிடலாம். கடலோரம் என்றால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் இரண்டு கோட். கலந்ததைக் குறித்த நேரத்துக்குள் அடித்துத் தீர்க்க வேண்டும், கெட்டியானதில் தின்னர் ஊற்றி நீட்டினால் உரிந்துவரும். பிரைமரோடு நிறுத்தி ‘தீபாவளிக்குப் பிறகு பெயிண்ட் அடிக்கலாம்’ என்று விட்டால் வடகிழக்குப் பருவமழை முழுக்க அதன் மேல் பெய்யும். பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். ஐப்பசியில்தான் வேலை நடக்கிறது என்றால் எல்லாக் கோட்டையும் பட்டறைக்குள்ளேயே முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

சட்டத்தின் பின்பக்கம், சுவரைப் பார்க்கும் முகம், அதைப் பொருத்தும் முன்பே அடித்திருக்க வேண்டும். பிறகு பிரஷ் போகாது. கம்பியின் அடி முனையைச் சிமெண்ட்டில் புதைக்கக் கூடாது, ஜன்னல் திட்டிலிருந்து 10 எம்எம் தூக்கி நிறுத்துங்கள். சிமெண்ட்டும் இரும்பும் சேரும் விளிம்பில் ஈரம் தங்கித் துரு கிளம்பும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் பூச்சு வெடித்து விழும். பவுடர் கோட்டிங் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வீட்டில் வெல்டு வைத்தால் அந்த இடம் எரிந்துபோகும், ஒட்டுப் போட முடியாது. முழுவதும் போல்ட்டில் நிற்கும் கிரில்லுக்கு மட்டும் சரி. ஜிங்க்கில் முக்கியெடுக்கும் கால்வனைசிங் கடலோரத்துக்கு அருமையானது. வெல்டு எல்லாம் முடிந்த பிறகுதான் முக்க வேண்டும், குழாய் இருந்தால் காற்றுப் போக ஓட்டை விட்டிருக்க வேண்டும். அடைத்த குழாய் சூடான ஜிங்க்கில் வெடிக்கும். புது ஜிங்க் மேல் நேராக எனாமல் அடித்தால் தோல் தோலாக உரியும், அதற்கென்று உள்ள எட்ச் பிரைமர் வேண்டும்.

பிறகு பெரிய வேலை இல்லை. கடலோர வீடுகளில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், ஸ்டீல் கிரில்லையும்தான். சன்ஷேடுக்கு அடியில் மழை படாத மேல்பாகத்தில்தான் உப்பு தங்கி முதலில் கறை விழும், அங்கே கூடுதலாகக் கழுவ வேண்டும். ஸ்டீல் உல், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் ஆகாது. கழுவுகிற அன்றே திறக்கும் கதவின் பூட்டைச் சாவி போட்டுத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் பூட்டுக்குள் கிராஃபைட் தூள் போடுங்கள். எண்ணெய் விட்டால் தூசியும் உப்பும் அதில் ஒட்டி இன்னும் இறுகும். புரட்டாசி முடிவதற்குள் மூலைகளையும் போல்ட் தலைகளையும் பார்த்து, பெயிண்ட் தெறித்த இடத்தைச் சுரண்டி, பிரைமரும் பெயிண்ட்டும் தொட்டு வைத்துவிடுங்கள். மீந்த பெயிண்ட்டில் கால் லிட்டரை மூடி இறுக்கி, ஷேடு எண்ணை டப்பா மேல் எழுதி வைத்திருந்தால் அதற்காக மறுபடி கடைக்கு ஓட வேண்டியதில்லை.